தஸ்தாவேஜு எங்கே இருக்கிறது?

ஒரு தஸ்தாவேஜு எவர் கைவசம் இருக்கிறதென்பது முன்பெல்லாம் கோர்ட்டில் சுலபமாய்த் தீர்ந்துவிடும் விஷயம். பெட்டியைக் காட்டலாம்; சாவியைக் காட்டலாம். கம்ப்யூட்டர் வந்த பின்னும் நெடுநாள் இந்நிலை மாறவில்லை. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட ராமாக் என்னும் யந்திரமே, சுழலும் டிஸ்க்குகளில் விவரங்களைப் பதித்து வைத்த முதல் கம்ப்யூட்டர். இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள்; ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரம்; மாதம் 3,200 டாலர் வாடகை. இவ்வளவு ஆடம்பரத்துக்கும் அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துக்களே. இன்று விரல் நகமளவுள்ள சில்லொன்று அதைப்போல் இரண்டு லட்சம் மடங்கு கொள்கிறது. ஆயினும் ராமாக் நின்ற அறையை எவரும் விரல் நீட்டிச் சுட்ட முடிந்தது.

அந்த வசதியைப் போக்கியது கம்ப்யூட்டர்களை இணைக்கும் வலை. 1969 அக்டோபர் 29-ந் தேதி கலிபோர்னியா சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலிருந்து, ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு ‘லாகின்’ என்ற ஒரே சொல்லை அனுப்ப முயன்றனர். இரண்டெழுத்துப் போனதும் யந்திரம் படுத்துவிட்டது. (அன்று அப்படியே படுத்திருந்தால் வக்கீல்களுக்கு வேலை குறைந்திருக்கும்!)

2013 டிசம்பரில் நியூயார்க் மாஜிஸ்டிரேட் ஒருவர், போதை மருந்து பற்றிய விசாரணைக்காக, ஒருவருடைய மின்னஞ்சல்களை ஒப்படைக்குமாறு மைக்ரோசாப்ட் கம்பெனிக்கு வாரண்டு பிறப்பித்தார். கடிதங்கள் பதிந்திருந்த டிஸ்க்கோ அயர்லாந்தில், டப்ளின் நகரில் இருந்தது. அந்நிய நாட்டில் அமெரிக்க வாரண்டு செல்லாதென்றது கம்பெனி. அமெரிக்காவில் உட்கார்ந்தபடியே கம்பெனியின் சிப்பந்தி அவற்றை வரவழைக்கலாமே, அந்நிய மண்ணை மிதிப்பவர் யார் என்று கேட்டது சர்க்கார். இரு கக்ஷியின் வாதத்திலும் நியாயம் இருந்தது என்பதே நமது அபிப்பிராயம். 2016-இல் அப்பீல் கோர்ட்டு கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டில் நிலுவையில் இருக்கையிலேயே, 2018 மார்ச்சில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்து முடித்தது: டிஸ்க் எந்நாட்டில் இருந்தாலும், விவரம் கம்பெனியின் கைவசமோ அதிகாரத்திலோ இருந்தால் ஒப்படைத்தேயாக வேண்டும். ஏப்ரல் 17-ந் தேதி, இனித் தீர்மானிக்க எதுவுமில்லையென்று கோர்ட்டு வழக்கை முடித்துவிட்டது.

அதே ஏப்ரல் 6-ந் தேதி நமது ரிசர்வ் பாங்கு, பணப்பட்டுவாடா விவரங்கள் அனைத்தையும் இந்தியாவிலேயே வைக்க வேண்டுமென்று உத்தரவிட்டு ஆறு மாதத் தவணை தந்தது. உத்தரவு நல்லதே; அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அது டிஸ்க் இருக்கும் இடத்தைக் கேட்கிறது. அமெரிக்கச் சட்டமோ டிஸ்க்கை ஆள்பவர் யாரென்று கேட்கிறது. மும்பையிலுள்ள டிஸ்க்கின் ஆளுகை அமெரிக்கக் கம்பெனி ஒன்றன் கையிலிருந்தால், டப்ளினுக்கு நேர்ந்தது மும்பைக்கும் நேரலாம். நமது பாங்குகளும் ஆஸ்பத்திரிகளும் சர்க்கார் காரியாலயங்களும் பிறர் டிஸ்க்குகளில் வாடகைக்கு இடம் பிடிக்கையில், அதன் சாவி எவரிடம் இருக்குமென்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். இதற்கு விதி செய்யுமாறு சர்க்காரை வேண்டுகிறோம்.