மூலிகையும் மருந்தே

நுழையுமுன்
கோடை விடுமுறையில் பாட்டி வீட்டிற்குச் செல்லும்போது, முற்றத்தில் தாய்க்கோழியின் பின்னே ஓடும் குஞ்சுகளைக் கண்டிருப்பீர்கள். அக்குஞ்சுகளைத் தாக்கும் ஒரு நோயையும், அதற்குச் செடிகளில் மருந்து தேடும் முயற்சியையும் இப்பாடத்தில் அறிவோம்.

கோழிக்குஞ்சுகளுக்கு வரும் கொடிய நோய்களுள் ஒன்று இரத்தக் கழிச்சல். மூன்று முதல் ஆறு வார வயதுள்ள குஞ்சுகளையே இது மிகுதியாகத் தாக்குகிறது. நோயுற்ற குஞ்சு இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும், இரை எடுக்காது, அதன் எச்சத்தில் இரத்தம் கலந்திருக்கும். கவனியாது விட்டால் சில நாள்களில் மடியவும் கூடும்.

இந்நோய்க்குக் காரணம் ஐமீரியா என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி. இது குடற்சுவரின் செல்களுக்குள் புகுந்து பெருகி, அவற்றைச் சிதைக்கிறது. பின்னர், உறை பூண்ட நுண்முட்டைகளாக எச்சத்துடன் வெளியேறுகிறது. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால், அம்முட்டைகள் ஓரிரு நாள்களில் நோயைப் பரப்பும் ஆற்றல் பெறுகின்றன. ஈரமான கூளத்தைக் கிளறி இரை பொறுக்கும் குஞ்சுகள் அவற்றை விழுங்குகின்றன.

1940களிலிருந்து இந்நோயைத் தடுக்கும் மருந்துகள் தீவனத்தில் கலந்து கொடுக்கப்படுகின்றன. ஆயினும், ஒரே மருந்தை நெடுங்காலம் கொடுத்தால், அதனைத் தாங்கவல்ல ஒட்டுண்ணிகள் பிழைத்துப் பெருகுகின்றன. நாளடைவில் மருந்து பயனற்றுப் போகிறது. எனவே, ஆய்வாளர்கள் செடிகளையும் ஆராயத் தொடங்கினர்.

அவற்றுள் ஒன்று ஆர்ட்டிமீசியா அனுவா. பூச்சரத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தின் உறவுச்செடி இது. சீன மருத்துவத்தில் காய்ச்சலுக்குப் பயன்பட்ட இச்செடியிலிருந்து, மலேரியாவைக் குணப்படுத்தும் ஆர்ட்டிமிசினின் என்னும் பொருளை 1972இல் து யூயூ என்னும் அறிவியலாளரின் குழு பிரித்தெடுத்தது. அதற்காக அவர் 2015இல் நோபல் பரிசு பெற்றார். மலேரியா ஒட்டுண்ணியும் ஐமீரியாவும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. ஆகவே, ஒன்றை அழிப்பது மற்றொன்றையும் அழிக்குமா என்று ஆராய்ந்தனர். இச்செடி கலந்த தீவனத்தை உண்ட கோழிகளின் எச்சத்தில் நுண்முட்டைகள் குறைந்ததைச் சில ஆய்வுகள் காட்டின. மஞ்சள், பூண்டு ஆகியவையும் இவ்வாறே ஆராயப்பட்டுள்ளன. ஆனால், எல்லா ஆய்வுகளிலும் ஒரே அளவு பயன் கிடைக்கவில்லை.

காரணம் யாது? மண், பருவம், அறுவடைக் காலம் ஆகியவற்றிற்கேற்ப, ஒரே வகைச் செடியிலும் மருந்துப்பொருளின் அளவு மாறுபடும். குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் குஞ்சுக்கே கேடு. மாத்திரை அட்டையில் அளவு அச்சிடப்பட்டிருக்கும். இலையில் யார் அச்சிடுவார்? செடியிலிருந்து வருவதெல்லாம் தீங்கற்றது என்று எண்ணலாகாது. எச்சத்தில் இரத்தம் கண்டால், இலையை அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திராமல், கால்நடை மருத்துவரை நாட வேண்டும்.

நோய் வருமுன் காக்கும் வழி எளியது. கூளம் உலர்ந்திருந்தால் நுண்முட்டைகள் எளிதில் ஆற்றல் பெறா. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, குஞ்சுகளின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றித் தரை ஈரமாக உள்ளதா என்று பாருங்கள். ஈரமாக இருந்தால், கிண்ணத்தை உலர்ந்த இடத்திற்கு மாற்றி வையுங்கள். பின்பு கைகளைக் கழுவுங்கள்.

சொற்பொருள்
எச்சம் – பறவையின் கழிவு
கூளம் – தரையில் பரப்பும் உமி, வைக்கோல் முதலியன
நாடுதல் – தேடிச் செல்லுதல்

சிந்தித்து விடையளிக்க
1. ஒரே மருந்தை நெடுங்காலம் கொடுத்தால் நிகழ்வது யாது?
2. ‘மூலிகையும் மருந்தே’ என்னும் தலைப்பு பொருத்தமானதா? காரணம் தருக.