எரிய மறுத்த குப்பை

1987-இல் டெல்லி திமார்பூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்று எழுந்தது. கட்டியது டென்மார்க் நிறுவனம். நாளுக்கு 300 டன் குப்பையைப் போட்டால் 3.75 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும் என்பது கணக்கு. சோதனை ஓட்டம் மூன்று வாரங்களோடு நின்றது.

அந்த உலைக்குக் கிலோவுக்கு 1,462 கிலோகலோரியாவது வெப்பம் தரும் குப்பை வேண்டும். டெல்லிக் குப்பையில் அதில் பாதிகூடத் தேறவில்லை. ஐரோப்பியக் குப்பையில் காகிதமும் அட்டையும் தாராளம். டெல்லியிலோ அவற்றைப் பழைய பொருள் வாங்கும் கபாடிவாலா வாசலிலேயே எடைபோட்டு வாங்கிப் போய்விடுவார். தப்பிய பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் குப்பை பொறுக்குவோர் எடுத்துவிடுவார்கள். லாரியில் ஏறுவது காய்கறித் தோல், மீந்த சோறு, சாம்பல், தெருப்புழுதி. ஈரத்தை உலர்த்தவே நிறைய வெப்பம் போய்விடும்; மண் எரியவே எரியாது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாத ரகசியமல்ல இது. மாதிரி எடுக்க, ஒரு லாரிக் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி, மண்வெட்டியால் நன்றாகக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரிப்பார்கள். எதிரெதிரான இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மறுபடி கலந்து பிரிப்பார்கள். சுமார் 100 கிலோவுக்கு வந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள்: தோல் ஒரு கூடை, துணி ஒரு கூடை, கண்ணாடி ஒரு கூடை. கடைசியில் சல்லடை, அடியில் விழும் பொடி தனி எடை. கொஞ்சத்தை எடுத்து 105 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வைப்பார்கள். குறைந்ததெல்லாம் தண்ணீர்.

வேலை எளிது, நாற்றம்தான் தாங்காது. ஆனால் ஒரே நாள் மாதிரியை நம்பினால் ஏமாற்றம்தான். கோடையில் தர்பூசணித் தோல் குவியும், மழையில் எல்லாமே கனக்கும். வீட்டு வாசலில் எடுத்த மாதிரியும் கிடங்கில் எடுத்த மாதிரியும் ஒத்துப்போகாது.

பாதிக்குமேல் மட்கும் ஈரக் குப்பை என்றால் உரக்குழியோ சாண எரிவாயுக் கலன் போன்ற கலனோதான் வழி. எரியக்கூடிய பங்குக்கு வேறு வழி: இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள், மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரியோ அதற்கு மேலோ வெப்பம் தரும் குப்பையைப் புதைக்கக் கூடாது என்றன.

எடைப் பட்டியல் காட்டாத விஷயமும் உண்டு. உடைந்த டியூப்லைட், செத்த பேட்டரி, காலாவதி மாத்திரை எல்லாம் சேர்ந்தாலும் நூற்றுக்கு ஒன்றைத் தொடுவது அரிது. ஆனால் டியூப்லைட்டின் பாதரசம் கலந்த உரத்தை எந்த வயலில் போடுவது? அதே விதிகள் மட்கும் குப்பை, மட்காத குப்பை போக இவற்றுக்கென்று வீட்டில் மூன்றாவது கூடை கேட்டது அதனால்தான்.