வழுக்கையும் ஆண் ஹார்மோனும்

இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர், கையில் இரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் என் எதிரே அமர்கிறார். "டெஸ்டோஸ்டிரோன் அளவு சரியாகத்தான் இருக்கிறது டாக்டர், பிறகு ஏன் முடி கொட்டுகிறது?" என்று கேட்கிறார். "பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்" என்கிறார் உடன் வந்த தாயார். வெளிநோயாளர் பிரிவில் நான் அடிக்கடி காணும் காட்சி இது.

ஆண்களின் வழுக்கைக்கு ஹார்மோன் காரணம் என்பது உண்மை. ஆனால் ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பதே காரணம் என்பது தவறான எண்ணம்.

மயிர்க்காலில் நிகழ்வது என்ன?

டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை, 'ஐந்து ஆல்ஃபா ரிடக்டேஸ்' என்னும் நொதி, டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. சுருக்கமாக இதை டி.எச்.டி. என்பர். முன்னந்தலையிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் இந்த ஹார்மோனால் எளிதில் பாதிக்கப்படும் தன்மையைச் சிலர் மரபுவழியாகப் பெறுகின்றனர். தந்தை வழி, தாய் வழி இரண்டுக்குமே இதில் பங்கு உண்டு.

தலைமுடி ஒன்று பொதுவாக 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, ஓய்வெடுத்து, உதிர்ந்து, மீண்டும் முளைக்கும். பாதிக்கப்பட்ட மயிர்க்காலில் இந்த வளர்ச்சிக் காலம் ஒவ்வொரு சுழற்சியிலும் குறுகுகிறது. மயிர்க்காலும் சிறுத்து, முடி பூனைமயிர் போல மெலிகிறது. ஆனால் இதே டி.எச்.டி.தான் தாடியை அடர்த்தியாக வளர்க்கிறது. பின்னந்தலை முடியை அது பெரும்பாலும் பாதிப்பதில்லை; முடி மாற்று சிகிச்சைக்கு அங்கிருந்து முடி எடுப்பதும் அதனால்தான்.

1942-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் இதைத் தெளிவுபடுத்தினார். பருவமடையும் முன்பே விரைகள் செயலிழந்த ஆண்களுக்கு வழுக்கை தோன்றவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்தியபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கே முடி கொட்டியது. ஆகவே ஹார்மோனும் வேண்டும், மரபும் வேண்டும். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக்கச் செலுத்திக்கொள்ளும் ஹார்மோன் ஊசிகள், இம்மரபு உள்ளவர்களுக்கு வழுக்கையை விரைவுபடுத்தக்கூடும்.

மாத்திரையும் எச்சரிக்கையும்

மேற்சொன்ன நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரையை, ஆண்களின் வழுக்கைக்கென அமெரிக்கா 1997-இல் அங்கீகரித்தது. இது இரத்தத்தில் டி.எச்.டி. அளவை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைக்கிறது. பலன் தெரியக் குறைந்தது 3 மாதங்கள் ஆகும். நிறுத்தினால் ஓராண்டுக்குள் பலன் மறைந்துவிடும். தலையில் தடவும் மினாக்ஸிடில், ஹார்மோனைத் தடுக்காமல் வேறு வழியில் முடி வளர்ச்சியைத் தூண்டுகிறது.

ஃபினாஸ்டரைடைத் தாமாகவே கடையில் வாங்கி உட்கொள்வோர் பலர். அவர்கள் அறிய வேண்டியவை:

• சிலருக்குப் பாலுணர்வுக் குறைவோ மனச்சோர்வோ ஏற்படலாம். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• உடைந்த மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் தொடக்கூடாது. கருவிலுள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

• இரத்த தானம் செய்யுமுன் இம்மருந்தைப் பற்றித் தெரிவியுங்கள்.

• புரோஸ்டேட் புற்றுநோயை ஆராய உதவும் பி.எஸ்.ஏ. அளவை இம்மருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும். மருத்துவருக்கு இது தெரியாவிட்டால், உயர்ந்திருக்கும் அளவும் இயல்பானதாகத் தோன்றும். நோய் கண்ணில் படாமல் போகும். மகனுக்கு எழுதித் தந்த மாத்திரையைத் தந்தையும் விழுங்கும் வீடுகள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

எல்லா முடி உதிர்வும் வழுக்கையன்று

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்வது பெரும்பாலும் தானே சீராகும். தைராய்டு கோளாறாலும் இரும்புச்சத்துக் குறைவாலும் முடி உதிரலாம். வட்ட வட்டமாக முடி கொட்டினாலோ, தலைத்தோலில் வலியோ தழும்போ தோன்றினாலோ தாமதியாமல் மருத்துவரைக் காணுங்கள்.

அந்தத் தாயாரிடம் நான் கூறியது இதுதான்: "உங்கள் மகனின் ஆண்மைக்கோ உடல்நலத்துக்கோ இதனால் குறைவில்லை. சிகிச்சை வேண்டுமா என்பதை அவரே நிதானமாக முடிவு செய்யட்டும்." மெல்ல நிகழும் மாற்றம் இது, முடிவெடுக்கப் போதிய காலம் உண்டு.