அண்ணாமலையில் சித்தும் பத்தியும்: கிளிக்கோபுரக் கதை குறித்து ஓர் ஆய்வு

நிறைந்த சொல்லாற்றல் உடையோர் தம் ஆணையாற் கூறிய மறைபொருள் மொழியே மந்திரம் என்பது தொல்காப்பியச் செய்யுளியலாற் பெறப்படும் கருத்தாகும். ஆண்டு மந்திரம் சொல்லின் ஆற்றலாகவே கருதப்பட்டது. பிற்காலத்தே அச்சொல் உருமாற்றம், வான்வழிச் செலவு முதலிய வியத்தகு செயல்களையும் தழுவி நின்றது. மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு அருளிய மூன்று மந்திரங்களுள் ஒன்று வேற்றுரு எய்துவிப்பது. மற்றொன்று வான்வழியே செலுத்துவது. பிறிதொன்று பசி தீர்ப்பது. அவற்றுள் முதலாவதைக் கொண்டு காயசண்டிகையின் வடிவு பூண்டமையே உதயகுமரன் கொலையுண்டதற்குக் காரணமாயிற்று. சித்துக்கு விலை உண்டு என்னும் எண்ணம் தமிழிற் பழமையானது என்பது இதனாற் போதரும்.

சித்துகளுக்குத் தலைவனாகிய கடவுளை மதுரையிற் காண்கிறோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொக்கநாதரையே எல்லாம் வல்ல சித்தராக்கி நகர்த் தெருக்களில் உலவ விடுகின்றது. கல்யானை கரும்பு தின்னும் காட்சியும் அங்கேதான். திருவண்ணாமலையின் நிலை வேறு. ஈண்டு இறைவன் சித்து ஆடுபவன் அல்லன். பிறர் ஆடும் சித்துகள் அவன்முன் சோதனைக்கு உள்ளாகின்றன. அடிமுடி தேடிய கதையே இதற்குத் தக்க சான்று. திருமால் ஏனமாகி நிலத்தை அகழ்ந்தார். பிரமன் அன்னமாகி விண்ணிற் பறந்தான். இருவரும் கொண்டது உருமாற்றமே. இருவர்க்கும் பயன் கிட்டவில்லை. அன்னமோ தாழம்பூவைப் பொய்ச்சான்று ஆக்கிக்கொண்டு மீண்டது.

இவ்வூரில் வழங்கும் மற்றொரு பறவைக் கதையை இதனோடு ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும் என்பது எம் கருத்து. அருணகிரிநாதர் தம் வாழ்வை வெறுத்து வல்லாள மகாராசன் கோபுரத்தினின்றும் வீழ்ந்தார் என்றும், முருகன் அவரைத் தாங்கி ஆட்கொண்டான் என்றும் கூறுவர். பின்னர்க் காளியை வழிபட்டு வல்லமை பெற்ற சம்பந்தாண்டான் என்பான் அவர்மேற் பொறாமை கொண்டான். தத்தம் தெய்வத்தை அரசன் காணக் காட்டுதல் வேண்டும் என வாது நிகழ்ந்தது. காளி வெளிப்படவில்லை, முருகன் கம்பத்திற் காட்சி தந்தான். அவ்வொளியால் அரசன் கண்ணொளி இழந்தான் என்றும், அதனை மீட்க வானுலகப் பாரிசாத மலர் வேண்டும் எனச் சம்பந்தாண்டான் சூழ்ச்சி செய்தான் என்றும் கதை தொடர்கின்றது. அருணகிரியார் இறந்த கிளியொன்றின் உடலிற் புகுந்து மலர் கொணரச் சென்றார். அதற்குள் அவர் கோபுரத்தில் விட்டுச் சென்ற உடல் எரியூட்டப்பட்டது. மலரோடு மீண்டவர் கிளியாகவே தங்கிக் கந்தர் அனுபூதி பாடினார் என்பது வழக்கு. கிளிக்கோபுரம் என்னும் பெயருக்கு மக்கள் கூறும் காரணம் இதுவே.

ஒரே ஊரில் இரண்டு பறவைகள், இரண்டு மலர்கள். அன்னம் பொய்ம்மலரோடு மீண்டு தனக்குரிய வழிபாட்டை இழந்தது. கிளி மெய்ம்மலரோடு மீண்டு தன் மனித உடலை இழந்தது. இவ்வொப்புமை தற்செயலாய் அமைந்தது என்று கொள்ள எம் உள்ளம் ஒருப்படவில்லை. தலபுராணத்தில் ஊறிய ஊர்மக்கள் பின்னெழுந்த அடியவர் கதையையும் அதே அச்சில் வார்த்தனர் எனக் கொள்வதே பொருந்தும்.

கூடுவிட்டுக் கூடு பாய்தல் தமிழ்ச் சைவத்துக்குப் புதிதன்று. சாத்தனூர் ஆயன் மூலன் இறந்துபட, அவன் ஆனிரைகளின் துயர் பொறாத சிவயோகியார் அவ்வுடலிற் புகுந்தார் எனப் பெரியபுராணம் கூறும். அவர் மீண்டு தேடியபோது அவர்தம் உடல் மறைந்திருந்தது. அங்கே அதனை மறைத்தது சிவனருள். இங்கே அழித்தது பகைவன் வஞ்சம். திருமூலர் மனித உடலிலேயே நின்று திருமந்திரம் அருளினார். அருணகிரியார்க்கோ கிளியுடலே எஞ்சியது. கோபுரத்தினின்றும் வீழ்ந்த உடலைத் தாங்கிய முருகன் அதே உடலை நெருப்பினின்றும் ஏன் காக்கவில்லை? கதை இவ்வினாவுக்கு நேர்விடை கூறாது. எனினும், உடல் போயின பின்னும் பாட்டு நின்றது என்று முடிப்பதன் வாயிலாக, சித்தின் எல்லையையும் சொல்லின் எல்லையின்மையையும் அஃது அருகருகே நிறுத்துகின்றது. ஏழு கடலுக்கு அப்பால் கிளியினுள் உயிரை ஒளித்து வைக்கும் மந்திரவாதியை நாட்டுப்புறக் கதைகளிற் கேட்டிருக்கிறோம். அவன் சாவுக்கு அஞ்சிக் கிளியை நாடுகிறான். அண்ணாமலைக் கதையிலோ மந்திரவாதி தரையில் நிற்க, அடியவரே கிளியாகிறார். பழங்கதைக் கருவை இவ்வூரார் தலைகீழாக்கிய திறம் பெரிது.

இனி வரலாற்றுப் பகுதி. முதுகலை மாணவர் பலர் இக்கதையை அப்படியே வாழ்க்கை வரலாறாக எழுதிவிடுகின்றனர். அது முறையன்று. 1894-இல் வ. த. சுப்பிரமணிய பிள்ளை முதற்பகுதியை அச்சேற்றியதனால் நமக்குக் கிட்டிய திருப்புகழில், பிரபுடதேவ மாராசர் பெயர் வெளிப்படையாக வரும் பாடல் ஒன்று உண்டு. அவ்வரசனை 1422 முதல் 1446 வரை விசயநகரத்தை ஆண்ட இரண்டாம் தேவராயனாகக் கொள்வர். அருணகிரியாரின் காலத்துக்குச் சிறந்த அகச்சான்று அதுவே. அப்பாட்டில் ஆதிசேடன் ஆடுகிறான், மேரு ஆடுகிறது, காளியும் ஆடுகிறாள். முருகனும் ஆடி வரவேண்டும் என்று அழைக்கப்படுகிறான். அரசன் உள்ளமும் ஆடுகின்றது. ஆனால் சம்பந்தாண்டான் அதில் இல்லை. வாதும் கம்பமும் இல்லை. அரசன், காளி, முருகனை அழைத்தல் ஆகிய மூன்றும் ஒரு பாட்டில் ஒன்றுகூடக் கண்ட பிற்காலத்தார், அவற்றை இணைக்கும் நிகழ்ச்சியைப் படைத்துக்கொண்டனர் போலும். பாட்டிற் காளி சிவனோடு வாதாடிய கூத்தி. கதையில் தன் அடியவனுக்கு உதவ இயலாதவள். இம்மாற்றத்திற் சாக்தத்துக்கும் கௌமாரத்துக்கும் இடைப்பட்ட போட்டியின் நிழல் தெரிகின்றது. தோற்றவன் தரப்பில் இக்கதையைச் சொல்வார் இலர் என்பதும் கருதத்தக்கது.

கட்டடச் சான்றும் இதற்கு அரணாகும். கம்பத்து இளையனார் சன்னிதி இன்று ஆயிரக்கால் மண்டபத்தை ஒட்டி, இராசகோபுர வாயிலின் உள்ளே அமைந்துள்ளது. 217 அடி உயரமும் பதினொரு நிலையும் உடைய அக்கோபுரமும் அம்மண்டபமும் கிருட்டிணதேவராயர் திருப்பணிகள். கோபுரத்தை முற்றுவித்தவர் தஞ்சைச் சேவப்ப நாயக்கர். எனவே தேவராயன் காலத்துக்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப் பின் எழுந்த சூழலிலேயே இக்கதை இன்று நிலைகொண்டுள்ளது. கதையின் இடங்களைக் கொண்டு அதன் காலத்தை வரையறுக்க முயல்வோர் இத்திருப்பணிகளின் கல்வெட்டுகளையும், எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தையும் அடுத்தடுத்து வைத்துக் கற்றல் இன்றியமையாதது.