வதந்தி நுழைய முடியாத ஊர்கள்

2013 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தில் ஒரு வீடியோ போனுக்குப் போன் பரவியது. ஒரு கும்பல் இரண்டு இளைஞர்களை அடித்தே கொல்லும் காட்சி. "கவால் கிராமத்தில் நம் பையன்களை இப்படித்தான் கொன்றார்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். கவாலில் ஆகஸ்ட் 27 அன்று ஒரு முஸ்லிம் இளைஞரும் இரண்டு ஜாட் சாதி இந்து இளைஞர்களும் கொல்லப்பட்டது உண்மைதான். ஆனால் வீடியோவில் இருந்தவர்கள் அவர்கள் அல்ல. அது 2010இல் பாகிஸ்தானின் சியால்கோட்டில் நடந்த கொலை. அங்கே கொன்றவர்களும் முஸ்லிம்கள், செத்த அண்ணன் தம்பியும் முஸ்லிம்கள். இந்த உண்மை வெளியே வந்தபோது காலம் கடந்திருந்தது. அதற்குள் மூண்ட கலவரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 50,000 பேர், பெரும்பாலும் முஸ்லிம்கள், வீட்டை விட்டு ஓடி முகாம்களில் குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

அந்த வீடியோவை மக்கள் ஏன் நம்பினார்கள்? அவர்களைப் படிக்காதவர்கள் என்று ஒதுக்கிவிட்டால் விஷயம் புரியாமலே போய்விடும். முன்பின் தெரியாதவர் கொடுத்த துண்டுப் பிரசுரம் என்றால் யாரும் ஒருமுறை யோசிப்பார்கள். இதை அனுப்பியவரோ சித்தப்பா மகன், கூடப் படித்தவன், பால் சொசைட்டியில் தினமும் பார்க்கிற ஆள். செய்தியை யாரும் சோதிக்கவில்லை, அனுப்பியவரைத் தெரியும் என்பதே போதுமாக இருந்தது. மனிதர்களை நெருக்கமாக்கும் கருவி வெறுப்பையும் சுமந்து செல்வது இந்த இடத்தில்தான். அது நுழைவது நம் உறவுகளின் வழியாக.

இந்துத்துவ வன்முறை எப்படி வளர்ந்தது, அதில் தொழில்நுட்பத்தின் பங்கு என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கோயிலுக்குப் போகிற, விரதம் இருக்கிற கோடிக்கணக்கான இந்துக்களைப் பற்றிய பேச்சு அல்ல இது. இந்த நாடு இந்துக்களுக்கே சொந்தம், மற்றவர்கள் அடங்கி வாழ வேண்டும் என்கிற அரசியலையும், அதற்காகக் கை ஓங்குவது தர்மம் என்கிற நினைப்பையும் பற்றியது.

மைதானம் முதல் ரதம் வரை

போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே மைதானம் இருந்தது. 1925ஆம் ஆண்டு விஜயதசமியன்று நாக்பூரில் கேசவ் பலிராம் ஹெட்கேவார் ஆர்.எஸ்.எஸ். அமைப்பைத் தொடங்கினார். அதன் உயிர் ஷாகா எனப்படும் தினசரிக் கூடல். தெருப் பையன்கள் ஒன்றாக விளையாடுவார்கள், உடற்பயிற்சி செய்வார்கள், பாடுவார்கள், வரலாறு என்று சொல்லப்படும் கதைகளைக் கேட்பார்கள். ஒருவன் சில நாள் வராவிட்டால் வீடு தேடிப் போய் விசாரிப்பார்கள். ஊருக்குப் புதிதாக வந்த, பேச ஆளில்லாத இளைஞனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் ஏது? 1964இல் விசுவ இந்து பரிஷத், 1984இல் பஜ்ரங் தள் என்று இந்த மரம் கிளைவிட்டது. தாங்கள் பண்பாட்டு அமைப்பு என்றும் வன்முறைக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்றும் ஆர்.எஸ்.எஸ். சொல்லிவருகிறது. ஆனால் பின்னால் வந்த ஒவ்வொரு கருவியும் இப்படி முகத்துக்கு முகம் பழகிக் கட்டிய வலைமேல்தான் ஏறி நின்றது.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1981 பிப்ரவரியில், இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள மீனாட்சிபுரத்தில், சாதிக் கொடுமை தாங்காத தலித் குடும்பங்கள் நூற்றுக்கும் மேல் இஸ்லாத்துக்கு மாறின. இந்தச் செய்தி டெல்லி வரை அதிர்ந்தது. அங்கே பேசப்பட்டது சாதிக் கொடுமை அல்ல, 'இந்து மதத்துக்கு ஆபத்து' என்பதுதான். 1983இல் பரிஷத் நாடு தழுவிய ஏகாத்மதா (ஒருமைப்பாட்டு) யாத்திரையை நடத்தியதற்கு இந்த அச்சம் ஒரு முக்கியக் காரணம்.

பிறகு டிவி வந்தது. 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை வரை ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷன் ராமானந்த் சாகரின் ராமாயணத்தை ஒளிபரப்பியது. வடநாட்டுத் தெருக்கள் அந்த நேரத்தில் வெறிச்சோடின. பெட்டிக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றிய வீடுகள் உண்டு. அந்தத் தொடர் கலவரத்தைத் தூண்டியது என்று சொல்வது நியாயமல்ல. அப்போது ஆண்டதும் காங்கிரஸ்தான். ஆனால் ஊருக்கு ஒரு ராமாயணம், மொழிக்கு ஒரு ராமன் என்று இருந்த நாட்டில், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே முகத்தைப் பார்த்தார்கள். 'நாம் எல்லோரும்' என்ற உணர்வை டிவி கொடுத்தது. 'நாம்' யார், 'அவர்கள்' யார் என்பதை இயக்கம் சொல்லிக்கொடுத்தது. அறிஞர் அரவிந்த் ராஜகோபால் இதை விரிவாக ஆராய்ந்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். 1991 தேர்தலில் சீதையாக நடித்த தீபிகாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் பாஜக வேட்பாளர்களாக நின்று மக்களவைக்குப் போனார்கள்.

அயோத்தியில் பாபர் மசூதி இருந்த இடத்தில் ராமர் கோயில் கட்ட, 1989இல் ஊர் ஊராக 'ராம்' என்று எழுதிய செங்கல்லுக்குப் பூஜை நடந்தது. அந்த ஊர்வலம் ஒன்றைத் தொட்டுப் பீகாரின் பாகல்பூரில் கலவரம் மூண்டு சுமார் ஆயிரம் பேர் மாண்டார்கள். 1990 செப்டம்பர் 25 அன்று பாஜக தலைவர் எல்.கே. அத்வானி சோமநாத்திலிருந்து அயோத்திக்குப் புறப்பட்டது டொயோட்டா வேனை ரதமாக அலங்கரித்த வண்டியில். கூடவே கேசட்டுகள் பரவின. பெண் துறவி ரிதம்பராவின் அனல் கக்கும் பேச்சு கோயில் ஒலிபெருக்கிகளிலும் டீக்கடைகளிலும் ஓடியது. கேசட்டுக்குத் தணிக்கை இல்லை, பதிவு செய்ய லைசென்ஸ் வேண்டாம், நகலெடுக்கச் சில ரூபாய் போதும். வாட்ஸ்அப்பின் மூதாதை அந்தக் கேசட்தான் என்பேன். 1984இல் 2 இடங்கள் பெற்றிருந்த பாஜக 1991இல் 120 இடங்களைப் பிடித்தது. 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி தரைமட்டமானது. அதைத் தொடர்ந்த கலவரங்களில் நாடு முழுவதும் சுமார் 2,000 பேர் இறந்தார்கள்.

கையடக்கக் கருவியில் நடந்த மாற்றம்

இந்து–முஸ்லிம் கலவரங்களை ஆராய்ந்த அசுதோஷ் வார்ஷ்னே ஒரு முக்கியமான கணக்கைத் தந்திருக்கிறார். 1950 முதல் 1995 வரையிலான கலவரங்களில் இறந்தவர்களில் கிராமங்களில் இறந்தவர்கள் 4 சதவீதம்கூட இல்லை. கலவரம் நகரத்து நோயாகத்தான் இருந்தது. பாகல்பூர் ஒரு விதிவிலக்கு. முசாஃபர்நகரிலோ கரும்புக் காட்டுக் கிராமங்களே எரிந்தன. அந்த மாற்றத்துக்குத் தேர்தல் கணக்கு, சாதி அரசியல் என்று பல காரணங்கள் உண்டு. கிராமம் வரை போன் போய்விட்டதும் அவற்றில் ஒன்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை தரைக்கு இறங்கியது. ஒரு செய்தியை ஆயிரம் பேருக்கு அனுப்புவதற்குச் செலவு என்று எதுவும் இல்லாமல் போனது.

வதந்திக்கு மதம்கூடத் தேவையில்லை என்பதை நாமே பார்த்தோம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி ஊரே அடித்துக் கொன்றது. இப்படிப் பல மாநிலங்களில் நடந்த பிறகு, அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது.

ஆனால் பிள்ளை பிடிப்பவர் வதந்திக்கும் பசு, 'லவ் ஜிகாத்' (மதம் மாற்றவே முஸ்லிம் ஆண்கள் இந்துப் பெண்களைக் காதலிக்கிறார்கள் என்ற பேச்சு) வதந்திகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முன்னதற்குப் பின்னால் அமைப்பு எதுவும் இல்லை. கொன்றவர்களை யாரும் வீரர்கள் என்று கொண்டாடவில்லை. பின்னதற்கு முன்னும் பின்னும் ஆள் இருக்கிறது. 2015 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி அருகே பிசாடா கிராமத்தில் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்து கும்பலைக் கூட்டினார்கள். வீட்டில் மாட்டிறைச்சி வைத்திருந்தார் என்று சொல்லி ஒரு முஸ்லிம் கொல்லரைக் கொன்றார்கள். கூட்டியது அதே ஊர்க்காரர்கள், வந்ததும் அதே ஊர்க்காரர்கள். ஜார்க்கண்டின் ராம்கரில் பசுவின் பெயரால் நடந்த கும்பல் கொலையில் தண்டனை பெற்று ஜாமீனில் வந்தவர்களுக்கு 2018 ஜூலையில் அப்போதைய ஒன்றிய அமைச்சர் ஜெயந்த் சின்கா மாலை அணிவித்தார். எதிர்ப்பு கிளம்பிய பின் வருத்தம் தெரிவித்தார். ஆனால் மாலை போட்ட படம் போன்களில் தங்கிவிட்டது.

என்னை உலுக்கும் மாற்றம் இனித்தான் வருகிறது. கேசட் காலத்தில் பிரசாரம் முதலில் வரும், வன்முறை பிறகு நடக்கும். இப்போது வன்முறையே பிரசாரமாகிவிட்டது. 2017 டிசம்பர் 6 அன்று ராஜஸ்தானின் ராஜ்சமந்தில் ஒருவர் மேற்கு வங்காளத்திலிருந்து வந்த முஸ்லிம் கூலித்தொழிலாளியை வெட்டி எரித்தார். அதைப் பதினான்கு வயது உறவுக்காரப் பையனை வைத்துப் படம்பிடித்துப் பரப்பவும் செய்தார். பார்த்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் கொலையாளியின் மனைவி கணக்குக்குப் பணம் அனுப்பினார்கள். கணக்கை முடக்கியது போலீஸ். ஹரியானாவில் பசுப் பாதுகாவலர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் லாரியைத் துரத்துவதை நேரலையில் காட்டினார்கள், லைக் வாங்கினார்கள், உள்ளூர்ப் பிரபலங்கள் ஆனார்கள். வேலையில்லாத, ஊரில் யாரும் மதிக்காத இளைஞனுக்கு மைதானத்தில் கிடைத்த அங்கீகாரம் இப்போது திரையில் கிடைக்கிறது.

மைதானமே தேவையில்லை என்ற நிலையும் வந்துவிட்டது. 2021 ஜூலையிலும் 2022 புத்தாண்டிலும் முஸ்லிம் பெண்களின் படங்களைப் போட்டு 'ஏலம்' விடும் செயலிகளை உருவாக்கினார்கள். பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், விமானிகள் என்று படித்து முன்னேறிய பெண்களைத் தேடித் தேடிச் சேர்த்திருந்தார்கள். இரண்டாவது செயலி வழக்கில் கைதானவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். ஒருவருக்கு வயது 18. அசாமில் ஒருவர், பெங்களூரில் ஒருவர், உத்தராகண்டில் இருவர். அவர்களைச் சேர்த்தது சமூக வலைத்தளக் கணக்குகள்.

நிறுவனங்களுக்கு இது தெரியாதா? தெரியும். 2019 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கின் ஆய்வாளர் ஒருவர், கேரளத்தில் வசிக்கும் சாதாரணப் பயனர்போல ஒரு கணக்கைத் திறந்து, தளம் பரிந்துரைத்ததை மட்டும் பார்த்துவந்தார். காஷ்மீரின் புல்வாமாவில் படையினர் மீது தாக்குதல் நடந்த காலம் அது. மூன்று வாரத்தில் தான் பார்த்த பிணங்களின் படங்கள் வாழ்நாளில் பார்த்ததைவிட அதிகம் என்று நிறுவனத்துக்கே எழுதினார். அந்தக் குறிப்பு 2021இல் கசிந்துதான் நமக்குத் தெரிந்தது.

சட்டம் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறது. 2017இல் ராஜஸ்தானின் ஆல்வரில் ஒரு முஸ்லிம் பால் பண்ணைக்காரரைக் கும்பல் அடித்துக் கொன்றதை நாடே வீடியோவில் பார்த்தது. 2019இல் விசாரணை நீதிமன்றம், வீடியோவை முறையான சாட்சியமாக ஏற்க முடியாத குறைகளைச் சுட்டிக்காட்டி, குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேரை விடுவித்தது. 53 பேர் இறந்த 2020 டெல்லிக் கலவரத்தின்போது 'கட்டர் ஹிந்து ஏக்தா' (தீவிர இந்து ஒற்றுமை) என்ற பெயரோடு தொடங்கப்பட்ட வாட்ஸ்அப் குழுவின் உரையாடல்களைப் போலீசார் குற்றப்பத்திரிகையில் சேர்த்தார்கள். வெறும் அரட்டைப் பதிவை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2025இல் நீதிமன்றம் சொல்லி, அது தொடர்பான பல வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது.

கோழிக்கோடும் பிவண்டியும்

போனைத் தூக்கி எறிய முடியாது, எறியவும் வேண்டாம். வதந்தி வந்தும் எரியாத ஊர்கள் இருக்கின்றன. அங்கே என்ன இருந்தது என்று பார்ப்பது நல்லது. வார்ஷ்னே கேரளத்தின் கோழிக்கோட்டையும் உத்தரப் பிரதேசத்தின் அலிகரையும் ஒப்பிட்டார். இரண்டிலும் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள். அலிகர் திரும்பத் திரும்ப எரிந்தது, கோழிக்கோடு அமைதியாக இருந்தது. கோழிக்கோட்டில் இரு மதத்தாரும் அடிக்கடி ஒன்றாகச் சாப்பிடுவதாகச் சொன்னவர்கள் 83 சதவீதம், அலிகரில் 54 சதவீதம். அதைவிட முக்கியம், கோழிக்கோட்டின் வணிகர் சங்கங்களிலும் தொழிற்சங்கங்களிலும் வாசகர் மன்றங்களிலும் இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். வதந்தி கிளம்பினால் விசாரிக்க எதிர்ப்பக்கத்தில் தெரிந்த ஆள் இருந்தார்.

மகாராஷ்டிரத்தின் பிவண்டி நெசவாளர் ஊர். 1970இலும் 1984இலும் பயங்கரமாக எரிந்த ஊர். 1988இல் அங்கே போலீஸ் அதிகாரியாக வந்த சுரேஷ் கோப்டே ஒவ்வொரு பேட்டையிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் சரிபாதியாக இருக்கும் குழுக்களை அமைத்தார். சாக்கடை, குழாய்ச் சண்டை என்று சின்னச் சின்ன விஷயங்களைப் பேச அடிக்கடி கூட வைத்தார். 1992–93இல் அருகிலிருந்த மும்பை எரிந்து சுமார் 900 பேர் செத்தபோது பிவண்டியில் அமைதி குலையவில்லை.

இந்தியாவில் தொடர்பு குறைந்துவிட்டது என்பது தவறான புலம்பல். தொடர்பு பெருகியிருக்கிறது, ஆனால் நம்மவரோடு மட்டும். குடும்பக் குழு, சாதிக் குழு, பள்ளித் தோழர் குழு, கோயில் குழு என்று எண்ணிப் பாருங்கள். வேற்று மதத்தவர் ஒருவராவது இருக்கும் குழு எத்தனை? தெரு அளவில் பிரிந்து வாழ்வது முன்பே தொடங்கியது. திரை அதை முழுமையாக்குகிறது.

ஆகவே வாசகரிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை குடும்பக் குழுவில் இரத்தம் தெறிக்கும் வீடியோ வந்தால், எல்லோர் முன்னும் மாமாவை அவமானப்படுத்தாதீர்கள். தனியாக அழைத்து, "இது எந்த ஊர் மாமா, எப்போ நடந்தது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது, பல சமயம் அவரே அழித்துவிடுவார். இன்னொன்று, உங்கள் தெருவிலோ கடைவீதியிலோ வேற்று மதத்தைச் சேர்ந்த ஒருவரின் எண்ணை வாங்கி வையுங்கள். பண்டிகை வாழ்த்து அனுப்ப மட்டும் வேண்டாம். குடிநீர் வராத நாளில் பேசுங்கள், பள்ளிக் கட்டணம் ஏறினால் பேசுங்கள். வதந்தி வரும் இரவில் அவரை அழைத்து "அங்கே என்ன நடக்குது?" என்று கேட்க உங்களுக்கும், எடுத்துப் பதில் சொல்ல அவருக்கும் தயக்கம் இருக்கக் கூடாது.