குடல்வால் அழற்சி: காரணிகளும் தவறான நம்பிக்கைகளும்

பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வயிற்றின் வலது அடிப்பகுதியில், விரல் நீளத்துக்குப் புழுவைப் போல ஒட்டியிருக்கும் சிறு குழாய் குடல்வால் ஆகும். அது வீங்கிச் சீழ்பிடிப்பதே குடல்வால் அழற்சி. பேச்சுவழக்கில் 'அப்பெண்டிக்ஸ்' என்றாலே இந்த நோய்தான். குடலிறக்கம் என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் பலர்.

குடல்வாலின் ஒரு முனை மூடியிருக்கும். திறந்த முனையும் அடைபட்டால் உள்ளே சுரக்கும் நீர் தேங்கி, அழுத்தம் கூடி, இரத்த ஓட்டம் குறைந்து, பாக்டீரியாக்கள் பெருகும். அடைப்பது பெரும்பாலும் இறுகிய மலத்துணுக்கு அல்லது தொற்றினால் வீங்கிய நிணநீர்த் திசு. 10 முதல் 30 வயது வரை இது மிகுதி. ஆண்களுக்குச் சற்று அதிகம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ வந்திருந்தால் வாய்ப்புக் கூடும். இவை எதுவும் இல்லாதவர்களுக்கும் வரலாம்.

கொய்யா விதையை விழுங்கினால் வருமா, சாப்பிட்டதும் ஓடினால் வருமா என்று மாணவர்கள் என்னிடம் கேட்டதுண்டு. விதை அடைத்துக்கொள்வது மிக அரிது. ஓட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இப்படி நம்புவதால் ஒரு நல்ல பழத்தை இழக்கிறோம், அவ்வளவுதான்.

உயிருக்கே கேடாகும் நம்பிக்கைகள் வேறு. வலி பெரும்பாலும் முதலில் தொப்புளைச் சுற்றியே வரும். சில மணி நேரம் கழித்துத்தான் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். அதனால் "வலப்பக்கம் வலிக்கவில்லையே, வாயுதான்" என்று விளக்கெண்ணெய் கொடுத்துவிடுகிறார்கள். பேதி மருந்தால் வீங்கிய குடல்வால் வெடிக்க நேரலாம். வெடித்ததும் அழுத்தம் நீங்கி வலி சற்றுக் குறைவதும் உண்டு. வீட்டில் எல்லோரும் நிம்மதியடையும் அந்த நேரத்தில்தான் சீழ் வயிற்றறைக்குள் பரவத் தொடங்குகிறது.

புகழ்பெற்ற மாயவித்தைக்காரர் ஹாரி ஹூடினி 1926-இல் மாண்ட்ரியலில் ஒரு மாணவரிடம் வயிற்றில் குத்து வாங்கினார். பின்னர் வலியோடும் கடும் காய்ச்சலோடும் டெட்ராய்ட்டில் மேடையேறினார். அறுவை செய்தபோது குடல்வால் ஏற்கெனவே வெடித்திருந்தது. அக்டோபர் 31 அன்று, 52 வயதில் இறந்தார். குத்துதான் நோயைத் தந்தது என்பது இன்றும் சொல்லப்படும் கதை. ஆனால் அடிபட்டு இந்நோய் வருவது மிக அரிது. நோயின் வலியைக் குத்தின் வலியென்று அவர் பொறுத்துக்கொண்டிருக்கலாம்.

பசியின்மை, வாந்தி, இலேசான காய்ச்சல் ஆகியவற்றோடு வலி வலப்பக்கம் இறங்கி, நடந்தாலும் இருமினாலும் கூடினால், உணவோ பேதி மருந்தோ கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகளுக்கு அறிகுறிகள் இவ்வளவு தெளிவாக இருக்காது. வெடிக்காத நிலையில் சிலருக்கு ஆன்டிபயாடிக் மருந்தே போதும்; ஆனால் நோய் திரும்ப வரலாம். குடல்வாலை நீக்கினால் செரிமானம் கெடும் என்ற அச்சம் வேண்டாம். அது இல்லாமலே செரிமானம் வழக்கம்போல் நடக்கும்.