சாலை காலியாக இருந்தால்?



திருப்பூர்–தாராபுரம் சாலையும் கோவை–கரூர் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடம் அவிநாசிபாளையம். இங்கு பைக்கில் பறக்கும் இளைஞர்களைக் கண்டித்தால், "ரோடு காலியாத்தானுங்க சாமி இருந்துச்சு" என்பார்கள்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் எல்லை மீறிய வேகம் 183ஆம் பிரிவு. ஆபத்தாக ஓட்டுவது 184. பின்னதற்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வகுத்தது. இதற்கு வேகமானி காட்டும் எண் மட்டும் அளவுகோல் அல்ல. இடம், சாலையின் நிலை, அப்போதுள்ள போக்குவரத்து, அங்கே வரக்கூடும் என எதிர்பார்க்கத்தக்க போக்குவரத்து எல்லாம் கணக்கில் வரும். பனியன் கம்பெனி ஷிப்டு விடும் வேளையில் இந்தச் சந்திப்பில் 50 கி.மீ. வேகம்கூட ஆபத்தாகலாம். விபத்து நடந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை.

2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் அருகே தாமலில் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் பைக்கிலிருந்து விழுந்தார். முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்றதாக வழக்கு. அடிபட்டது அவருக்குத்தான். ஆனாலும் கைதானார், ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்குப் போயிற்று.

திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2290) வேக மோகத்தால் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவதைக் கனமான குற்றமாகவே கருதுகிறது. இது ஐந்தாம் கட்டளையின் விளக்கத்தில் வருகிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கையில் நமக்கு வண்டி நினைவுக்கு வருவது அபூர்வம்!

184ஆம் பிரிவில் இன்னொன்றும் உண்டு. வண்டியில் இருப்பவர்களும் சாலையோரம் நிற்பவர்களும் பதறும்படி ஓட்டுவதும் குற்றமே. பின்னால் உட்கார்ந்து "மெல்லப் போ கண்ணு" என்று தோளை இறுகப் பிடிக்கும் தாயின் பதற்றத்தையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது.